நார்மல்

தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியை உச்சந்தலையில் முடிச்சிட்ட பிறகும் மலர்விழி கையை எடுக்கவில்லை. எடுத்தால் அண்ணனின் தலை இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். எட்டு வருஷமாக அப்படித்தான். மெல்ல விரல்களை விலக்கினாள். அருள்குமாரின் முகம் விட்டத்தைப் பார்த்தபடி நேராகவே கிடந்தது.

விடிந்ததும் மாட்டை அவிழ்க்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது.

"கழுத்து எப்பிடி நேரா இருக்குது பாரு" என்றார் காலடியில் நின்ற மாது சித்தப்பா. "இத்தினி வருசம் இதை வெச்சிக்கிட்டு என்னா கூத்து காட்டுனான்."

அழுது சிவந்த கண்களோடுதான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது வசையில்லை, ஊருக்கே தெரிந்த ஒரு சேதி. அண்ணி கலைமதி தலையை நிமிர்த்தி மலர்விழியைப் பார்த்தாள். அந்தச் சேதியை ஊருக்குக் கொடுத்தவள் மலர்விழிதான்.

தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மெஷினை இயக்குவது அவள் வேலை. எட்டு வருஷத்துக்கு முன் அண்ணன் மினி லாரியில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். கழுத்து தானாக இடப்பக்கம் திருகிக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு விரலைத் தாடையில் லேசாக வைத்தால் நேராகும். எடுத்தால் மறுபடி திருகும். விரல் தொட்டால் மூளைக்கு ஒரு சேதி போகிறது, அதில் கொஞ்ச நேரம் இழுப்பு தளர்கிறது. டாக்டர்களுக்கு அது நோயின் அடையாளம். ஊருக்கு அதுவே பொய்யின் அடையாளமாக ஆனது. "ஒத்தை விரலு வெச்சா நேராவுற கழுத்துக்கு என்னா நோவு?" என்றார் அப்பா பச்சியப்பன்.

அவளே அவனைத் தன் மெஷினில் படுக்கவைத்தாள். கட்டியாக இருக்குமோ என்று அவளுக்குப் பயம். ரிப்போர்ட் வந்ததும் சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, எல்லாம் நார்மல்!"

"நார்மல்னா ஒண்ணுமில்லைனுதான?"

"ஒண்ணுமே இல்லப்பா."

அந்த வார்த்தையை அப்பா டீக்கடைக்கும் தக்காளி மண்டிக்கும் கொண்டுபோனார். "எம் பொண்ணே மெஷின்ல பாத்துட்டா. நார்மலாம்." அண்ணன் வண்டி ஓட்டுவதை விட்டபோது வேலைக்குப் பயந்த வேஷம் என்றார். பெங்களூருவில் நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்தவுடனே டிஸ்டோனியா என்று பெயர் சொன்னார். "படத்துல இல்லாத நோவுக்குப் பேரு வேறயா?" என்று அப்பா சிரித்தார். மூன்று வருஷத்துக்கு முன் வாய்ச்சண்டை முற்றி, அப்பா வயலில் இருந்த ஓலைக் கொட்டாய்க்குப் போய்த் தானே சமைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அதன் பிறகு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை.

அண்ணனுக்கு நோய் இருக்கிறது என்று அவள் அப்பாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். தான் சொன்னது தப்பு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் குளிப்பாட்ட வேண்டும், பங்காளிகள் எண்ணெய் சீயக்காய் வைக்க வேண்டும். அப்பா இன்னும் உள்ளே வந்து முகத்தைப் பார்க்கவில்லை. பந்தலின் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்விழி போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, எண்ணெ வெக்க வா."

"மாது வெப்பான்."

"நீ வெக்காம அண்ணனை எடுத்தா, பொய்க்காரன்னு சொல்லி அனுப்புன மாதிரி ஆயிடும்."

"நீதான் பாப்பா சொன்ன. நானா மெஷினுல பாத்தேன்?"

விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவள் குரல் எப்போதும் நிதானமாகிவிடும்.

"நான் எடுத்தது நிறுத்தி வெச்ச வண்டியோட போட்டோப்பா. சக்கரம் இருக்குது, ஸ்டீரிங் இருக்குது, எதுவும் ஒடையல. அதுக்குத்தான் நார்மல்னு எழுதறாங்க. ஓட்டும்போது ஒரு பக்கம் இழுக்குதான்னு அந்த போட்டோவுல தெரியாது."

அப்பா நிமிர்ந்தார். வண்டி என்றால் அவருக்குப் புரியும். "அப்ப ஓடறப்ப எடுக்கறதுதான?"

"எடுத்தாங்க. பெங்களூருல ஒரு ஆராய்ச்சிக்கு அண்ணன் போச்சில்ல, ரெண்டு வருசம் முன்ன. மூளையில எந்த எடம் வேலை செய்யுதோ அங்க புது ரத்தம் கூட ஓடும். புது ரத்தமும் பழைய ரத்தமும் காந்தத்துக்கிட்ட ஒரே மாதிரி நடந்துக்காது. அந்தத் துளி வித்தியாசத்தை மெஷின் பிடிச்சிக்கும். அண்ணனை உள்ள படுக்க வெச்சி, வெளக்கு எரியும்போதெல்லாம் வெரலைத் தட்டச் சொன்னாங்க. தட்டத் தட்ட ரெண்டு செகண்டுக்கு ஒரு படம்."

"எங்க, அதைக் காமி."

அவள் செல்போனில் அண்ணனின் மூளைப் படம் ஒன்று இருந்தது. சாம்பல் நிறத்தில் மஞ்சளும் சிவப்புமாய்ப் புள்ளிகள். அதைக் காட்டி, இதோ இந்தச் சிவப்புதான் என்று சொல்லியிருக்கலாம். அப்பா நம்பிவிடுவார். ஏற்கெனவே அவள் சொன்ன ஒரு வார்த்தையை அப்படித்தான் நம்பினார்.

"காமிச்சாலும் பிரயோசனம் இல்லப்பா. ஒருத்தர் படத்தை வெச்சி இதான் நோவுன்னு சொல்ல முடியாதாம். இந்த நோவு இருக்கற முப்பது பேரு, இல்லாத முப்பது பேரு, எல்லாத்தையும் சேத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியுமாம். அந்த டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்கு அண்ணன் என்னா கேட்டுச்சு தெரியுமா? 'அப்ப எங்கப்பன்கிட்ட முப்பது பேரையும் கூட்டிக்கினு போவணுமா மேடம்'னு கேட்டுச்சு."

அப்பாவின் உதட்டோரம் சிரிப்புபோல் ஏதோ வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"அப்ப எதை வெச்சிதான் நீ சொல்ற?"

"காமிக்க எங்கிட்ட ஒண்ணுமில்லப்பா. கட்டி இல்லைன்னு மட்டும் நான் சொல்லியிருக்கணும். ஒண்ணுமே இல்லைன்னு சொன்னது என் தப்பு. அண்ணன் மேல தப்பில்ல."

யாரோ மாலை கொண்டுவந்தார்கள். ஒரு கிழவி பந்தலுக்குள் நுழைந்ததும் ஒப்பாரியை எடுத்தாள்.

"வலிக்குமா அது?" என்று கேட்டார் அப்பா.

"நாளெல்லாம் வலிச்சிதுப்பா. தூங்கும்போது மட்டும் விட்டுடும்."

வாசலில் பெஞ்சைப் போட்டு உடலைக் கிடத்தினார்கள். நான்கு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். மலர்விழி எண்ணெய்க் கிண்ணத்தோடு தலைமாட்டில் நின்றாள். செத்தவர் தலையில் எண்ணெயைப் புறங்கையால் தொட்டு வைப்பதுதான் வழக்கம். மாது சித்தப்பா வைத்தார், பங்காளிகள் வைத்தார்கள். கடைசியில் மறைப்பைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார்.

புறங்கையைக் கிண்ணத்தில் தோய்த்து மகனின் உச்சியில் ஒரு தரம் வைத்தார். இரண்டாம் தரம் வைக்கையில் எண்ணெய் வழுக்கி, கை காதோரமாகச் சரிந்து கழுத்தின் வலப்பக்கத்தில் விழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு இடப்பக்கம் போய்ப் பார்த்தது. திரும்பவும் வலப்பக்கம் வந்தது.

இடப்பக்கம் மற்றவர்களுக்கு இருப்பதைப் போலத்தான் இருந்தது. வலப்பக்கம் காதின் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் ஒரே தசை, ஏற்றக் கயிறுபோல் தடித்துக் கிடந்தது. தலையை இடப்பக்கம் திருப்புவது வலப்பக்கத் தசைதான். எட்டு வருஷம் விழித்திருந்த நேரமெல்லாம் அது இழுத்திருக்கிறது.

அப்பா மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றச் சொல்லி நீட்டினார்.

"அண்ணா, புறங்கையாலதான்…" என்று தொடங்கிய மாது சித்தப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மலர்விழி ஊற்றினாள். அப்பா குனிந்து, காதின் பின்னாலிருந்து நெஞ்சு வரை, கட்டை விரலால் அழுத்தி நீவத் தொடங்கினார். மேளக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வேட்டியைப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா மறுபடியும் கையை நீட்டினார்.