கிழிந்த காதுக்காரி

வடக்கே மழை பெய்ததாகச் செய்தி வந்ததும், மலைத்தொட்டிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொன்னான் டாலஸ். மூன்றாண்டு வறட்சியில் மிஞ்சிய புல் ஆடுகளுக்கே போதாது. தொட்டி காய்ந்தால், அந்தப் புல்லில் பங்குக்கு வரும் கங்காருக்கள் மழை விழுந்த பக்கம் போய்விடும். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் எல்லோரும் செய்வதுதான்.

"கிழிஞ்ச காதுக்காரியும் போயிருவாளாடா?" என்றாள் அவன் அக்கா ஏவிஸ்.

"உன் சிநேகிதியா? டிக்கெட் எடுத்துக் குடு, போவா."

"பல்ல இளிக்காத. போகாட்டியும் அவ ஊத்து தோண்டிப் பொழச்சுக்குவா."

கிழிந்த காதுக்காரி ஒரு பெண் வாலரூ, பாறைக்குன்றுகளில் வாழும் கங்காரு வகை. ஏவிஸ் அவளை ஏழு வருடமாகப் பார்த்துவருகிறாள். பகல் முழுக்கப் பாறைக்குடைவின் நிழலில் கிடப்பாள். வெயில் தாழ்ந்தபின் இறங்கி மேய்வாள். உடம்பு சூடேறாததால் உள்ளிருக்கும் நீர் வீணாகாது. குடிக்காமலே பல நாள் தாங்குவாள். தாகம் முற்றினால் ஓடை மணலை முன்கால்களால் பறித்து, ஊறுவதைக் குடிப்பாள். அந்த ஊற்றை நம்பித்தான் ஏவிஸ் வீட்டருகே இருந்த தொட்டிக் குழாயின் வால்வை மூடினாள்.

சிவப்புக் கங்காருக்கள் ஒரே வாரத்தில் போய்விட்டன.

"பாத்தியா?" என்றான் டாலஸ்.

மூன்றாம் வாரம் ஏவிஸ் ஓடைக்கு ஏறினாள். தொட்டிக்குக் கீழே புதிதாக ஒரு குழி. கையை விட்டாள், தோள்வரை போயிற்று. அடியில் களிமண் வெடித்துக் கிடந்தது.

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் இங்கே ஊறியது மலைநீர் அல்ல. தொட்டி விளிம்பில் வழிந்த தண்ணீர் மணலுக்குள் இறங்கி, களிமண் தடுத்த இடத்தில் தங்கியிருக்கிறது. வால்வோடு ஊற்றையும் அவளே அடைத்திருக்கிறாள். சிவப்புக் கங்காரு மழையைத் தேடிப் போகும். வாலரூ தன் குன்றை விட்டு நகராது.

பாறைக்குடைவில் கிழிந்த காதுக்காரி ஒருக்களித்துக் கிடந்தாள். திறந்த கண்ணில் ஈக்கள் மொய்த்தன; மூச்சில்லை. பக்கத்தில் நின்ற குட்டி, ஏவிஸைப் பார்த்துச் சீறியது.

ரேடியோவை எடுத்தாள். "டாலஸ், வால்வத் திற."

"என்ன ஏவி, என்னாச்சு?"

"அவ போகலடா."

ஓடும் காலடியும் வால்வு கிறீச்சிடுவதும் ரேடியோவில் கேட்டன. "திறந்துட்டேன். தண்ணி மேல ஏறி வர அரை மணியாகும். முதல்ல காத்துதான் வரும்."

தொட்டிக் குழாயில் காற்று வந்தது. பிறகு குழாய் இருமி, துருநிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஏவிஸ் தொப்பியில் பிடித்துவந்து குட்டியின் முன்னால் வைத்தாள்.

அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னும் பால் மறக்காத குட்டி. திரும்பி, தாயின் பைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.