முப்பத்தொன்பதாம் வரி

"ரெண்டுன்னு போடுங்க சார்" என்று ஜகதாம்பாள் வந்து கேட்டது அது நாலாவது சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை பொறுமையாகப் பதில் சொன்னேன். இரண்டாவது சனிக்கிழமை சட்டத்தைச் சொன்னேன். மூன்றாவது சனிக்கிழமை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். அரைமணி கழித்து வந்து பார்த்தால் என் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறாள், வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. லேசில் போகிற ஆள் இல்லை.

1935ஆம் வருஷம் மே முப்பத்தோராம் தேதி, விடிவதற்கு முன்னால், குவெட்டாவில் பூமி நடுங்கியது. ஊர் முழுக்கத் தூக்கத்தில் இருந்தது. பெங்களூர் கண்டோன்மென்டிலிருந்து, எங்கள் ஜனம் தண்டு என்று சொல்லும் இந்த இடத்திலிருந்து, பட்டாளத்தோடு அங்கே போன தமிழ் ஆட்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. சமையல்காரர்கள், வண்ணார்கள், தையல்காரர்கள், ஸ்டோர் குமாஸ்தாக்கள். இங்கே மிச்சமிருந்த அவர்களுடைய சொந்தபந்தங்களிடம் விவரம் கேட்டுப் பதிவு செய்ய பரேடு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு நிவாரணக் கமிட்டி போட்டார்கள். அதில் வகை பிரிக்கிற குமாஸ்தா நான், ரெமிஜியஸ். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

வகை நாலு. இறந்து உடல் கிடைத்தவர்கள் ஏ. இறந்து உடல் கிடைக்காதவர்கள் பி. காயம்பட்டவர்கள் சி. வீடு, மாடு, தையல் மெஷின் போன்ற பொருள் சேதம் டி. பி வகுப்புதான் பெரிசு. வியாதி பரவும் என்று பட்டாளம் ஊரைச் சுற்றி முள்கம்பி போட்டு யாரையும் உள்ளே விடவில்லை. ஜனங்கள் செங்கல்லுக்கு அடியிலேயே கிடந்தார்கள். நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவர்களுக்கு வரிசை எண் போட்டேன்.

ஜகதாம்பாள் அல்சூர்க்காரி, முதலியார் வீட்டு விதவை. அவளுடைய ஒரே மகள் ருக்கு பி வகுப்பில் முப்பத்தொன்பதாம் வரி. வயது இருபது. மருமகன் ஸ்டோரில் ராத்திரி டியூட்டிக்குப் போயிருந்ததால் பிழைத்துக்கொண்டான். அவன்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று போட்டிருந்தான். ருக்குவுக்கு அப்போது எட்டு மாதம்.

"தலைப்பிரசவம் அம்மா வீட்லதானே சார்? ஏழாம் மாசமே கூட்டியாந்திருக்கணும்" என்றாள் ஜகதாம்பாள். "நான்தான், ரயில்ல அனல் அடிக்கும், கத்திரி கழியட்டும், மழை விழுந்தப்புறம் வான்னு சொன்னேன். எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட சொல்லி லெட்டர் போட்டேன். ஜூன் மூணாந்தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தாங்க."

 மே முப்பத்தொன்றுக்கும் ஜூன் மூன்றுக்கும் எத்தனை நாள் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"காசு பணம் எதுவும் வேணாம் சார். கவர்மென்ட் புஸ்தகத்துல ஒண்ணுன்னு இருந்தா அந்தப் புள்ள வந்ததே இல்லன்னு ஆயிடும். நான் சும்மனே பைத்தியக்காரி மாதிரி அழுதுட்டு இருப்பேன். ரெண்டுன்னு போடுங்க."

"பிறந்தாத்தாம்மா எண்ணுவாங்க" என்றேன்.

"வயித்துல உதைச்சிதுன்னு எழுதியிருந்தாளே" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு டி வகுப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பதினேழாம் வரி ஒரு பால்காரருடையது. பசு ஒன்று, சினை. சினைப் பசு செத்திருந்தால் கன்றையும் சேர்த்து இரண்டு தலையாக எழுத வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஜூலை மாதம் நானே என் கையால் எழுதியிருக்கிறேன்: இரண்டு. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த இரண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மையில் பேனாவைத் தோய்த்தேன். முப்பத்தொன்பதாம் வரியில் ஒன்றை இரண்டாக்கினேன். ஒன்றை இரண்டாக்குவது ரொம்பச் சுலபம், தலையில் ஒரு வளைவும் காலில் ஒரு கோடும் போதும்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் நான் டோரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டோரதி என் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறந்தான் என்றா சொல்வது? நர்ஸ் நோரா கதவைத் திறந்துகொண்டு வந்து, "அழலீங்க மிஸ்டர் ரெமிஜியஸ்" என்று மட்டும் சொன்னாள். மூச்சு இருந்திருந்தால் அவளே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருப்பாள். மூச்சு இல்லை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது, கோயில் புத்தகத்தில் பெயர் கிடையாது, சாமியார் வரமாட்டார். விடிகாலையில் ஒரு மரப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் ஒருவனே போனேன். குழி வெட்டுகிறவர் கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரோரமாக, மந்திரிக்காத துண்டு நிலத்தில், ஒரு இடத்தைத் தோண்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

டோரதி கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்தினாங்களா?" என்பதுதான். ஊற்றினார்கள் என்றேன். "பேரு?" என்றாள். "சிரில்" என்றேன், அவளே முன்பு சொல்லிவைத்திருந்த பெயர். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது நான் செய்தது புண்ணியம் என்றே நினைத்தேன். ஞானஸ்நானம் பெற்ற பச்சைக் குழந்தை நேரே மோட்சத்துக்குப் போகும், அதற்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டியதில்லை, அதனால் யாரும் சாமியாரிடம் போய்க் கேட்கவும் இல்லை. நாற்பது நாள் கழித்து அவளைக் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். எங்கே என்றாள். நாகலிங்க மரத்தடியில் சிலுவை இல்லாமல் ஒரு சின்ன மேடு இருந்தது. அதைக் காட்டிவிட்டேன்.

அது யாருடைய குழந்தையோ. வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போகும்போது அந்த மேட்டின் மேல் யாரோ ஏற்கெனவே மல்லிகைச் சரம் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். முதல் வருஷம் அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. டோரதியோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முன்னாடியே வந்து பூ வெச்சிட்டுப் போயிருக்கீங்க, இல்ல? ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு?" என்றாள். கண் நிறையச் சந்தோஷம். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை ஜகதாம்பாளிடம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவளுக்கு எண் தெரிந்திருந்தது. விரலை அந்த இரண்டின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். நன்றி கின்றி எல்லாம் சொல்லவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை, ஹெட் கிளார்க் சேஷகிரி என்னைக் கூப்பிட்டார். எண்ணிக்கையைக் கூட்டினால் நூற்றுப் பதினான்கு, பெயர்களை எண்ணினால் நூற்றுப் பதின்மூன்று.

"ஓய், முப்பத்தொன்பதுல என்ன பண்ணி வெச்சிருக்கீர்? ரெண்டாவது ஆளோட பேர் எங்கே? வயசு எங்கே? ஆணா, பொண்ணா?"

"தெரியாது."

"தெரியாதவாளை எப்படி ஓய் எண்றது?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பதினேழுல மாட்டோட கன்னுக்குட்டிக்கு மட்டும் பேரும் வயசும் இருக்கா சார்? அதுக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

சேஷகிரி பொல்லாதவர் இல்லை. மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார், பொடியை எடுக்காமலே மூடினார். "அது சொத்து ஓய்" என்றார் மெதுவாக. "இது மனுஷா."

சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சிவப்பு மையில் இரண்டை அடித்து, மேலே ஒன்று என்று எழுதி, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தை வைத்தேன். பக்கத்தில் அவர் தன்னுடையதை வைத்தார். பதிவேடு மேலிடத்துக்குப் போய்விட்டது. சண்டை போட்டிருக்கலாம், போடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கூடக் கிடையாது. என் கை தானாகவே அடித்துவிட்டது, அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டியலில் ஒன்று என்ற எண்ணைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று மறைந்து நிற்கிற மாதிரி இருந்தது. கோயில் பெஞ்சில் ஜனங்களை எண்ணினேன். டோரதி சாப்பிட இரண்டு தட்டு வைக்கும்போது மூன்றாவதைத் தேடினேன்.

ஐப்பசி பிறந்து ஜகதாம்பாள் வந்தாள். எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன்.  திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"போவுது விடுங்க. நான் கண்ணால பாத்தேன் இல்ல, ரெண்டுன்னு இருந்திச்சே" என்றாள். "கல்லு வெக்கிறேன் சார். புதன்கிழமை. வந்துட்டுப் போங்க."

சுமைதாங்கிக் கல். அல்சூர் தாண்டி மெட்ராஸ் ரோட்டில், புளியமரத்தருகே. நெஞ்சளவு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் பாரத்தை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே செத்துப்போன பெண்ணுக்காக அவளைப் பெற்றவர்கள் நடுகிற கல் அது. குறுக்குக் கல்லில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. பெயர் வெட்டவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு விறகுக்காரி வந்தாள், யாரையும் ஒன்றும் கேட்காமல் தலையிலிருந்த விறகுக்கட்டை இறக்கி அதன் மேல் வைத்தாள், "அப்பாடா" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ஜகதாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க எத்தினி சார்?" என்று கேட்டாள் திடீரென்று.

"ஒண்ணு இருந்தது. தவறிடுச்சி."

"எங்க வெச்சீங்க?"

"மரத்தடியில" என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. வாய் பழகிவிட்டது.

"குடுத்து வெச்சவங்க" என்றாள் ஜகதாம்பாள். "போய் உக்கார ஒரு இடம் இருக்கு. என் பொண்ணு எந்தச் செங்கலுக்கு அடியில கெடக்கறான்னு எனக்குத் தெரியாது."

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். யாரோ பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், ரோடு காலியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் நவம்பர் இரண்டு சனிக்கிழமை. சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், மெழுகுவர்த்தி, சாம்பிராணி. டோரதி ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கியிருந்தாள், ஒரு குழந்தைக்கு எதற்கு அத்தனை என்று நான் கேட்கவில்லை. நாகலிங்க மரத்தடிக்கு வந்தோம். மேட்டின் மேல் மல்லிகைச் சரம் இருந்தது, அப்போதுதான் வைத்தது போல ஈரமாக.

"இந்த வருஷமும் எனக்கு முன்னாடி வந்துட்டீங்களா?" என்று டோரதி சிரித்தாள்.

"அது நான் வெச்ச பூ இல்ல டோரதி."

அவள் குனிந்து மெழுகுவர்த்தியை நடப்போனவள் அப்படியே நின்றாள்.

"எந்த வருஷமும் நான் வெக்கல. இது யாரோட புள்ளையோ, எனக்குத் தெரியாது." அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. தண்ணீர் ஊற்றவில்லை. அழவில்லை. பெட்டி. மேற்குச் சுவர். 

 டோரதி, காற்றில் நகர்ந்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து மேட்டின் நடுவில் சரியாக வைத்தாள். "பாவம், இவங்கம்மா" என்றாள். எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வாங்க. காட்டுங்க."

மேற்குச் சுவரோரம் யாரும் இல்லை. விளக்கும் இல்லை, முழங்கால் உயரத்துக்குப் புல். சுவரை நடுவில் இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள், பழைய கல் எது, புதுக் கல் எது என்றே தெரியவில்லை. நூறு அடி நீளம் இருக்கும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"எந்த எடம்?"

நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். புல்லை விலக்கிப் பார்த்தேன். குவெட்டாவில் செத்த மாட்டுக்கு வரிசை எண் போட்டவன் நான். பால்காரர் வீட்டுக் கன்றுக்குட்டி எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"தெரியல டோரதி" என்றேன். "அன்னிக்கு நான் பாக்கல."

 அவள் சுவரின் இந்தக் கோடியில் உட்கார்ந்து, ஒரு மெழுகுவர்த்தியை இரண்டாக உடைத்து, ஒரு துண்டைப் பற்றவைத்து மண்ணில் நட்டாள். ஒரு எட்டு தள்ளி இன்னொன்று. அதற்கும் ஒரு எட்டு தள்ளி இன்னொன்று. காற்றில் முதல் விளக்கு அணைந்தது. நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அதை மறுபடி ஏற்றப் போனேன். நிமிர்ந்தபோது அவள் சுவரோரமாகப் பாதி தூரம் போயிருந்தாள், குனிந்தபடியே, கையிலிருந்த மெழுகுவர்த்திகளை இன்னும் சின்னத் துண்டுகளாக ஒடித்துக்கொண்டே.