நாற்பத்தொரு மூச்சு

1

"அது நான்தான்."

"நீங்க இல்லங்க. அது கதையில வர்ற டாக்டரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ எழுதினது."

"டாக்டர் எவனா வேணா இருக்கட்டும். அந்த மூச்சு என்னோடது. அம்பத்தாறு வருஷமா இழுத்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மூச்சுல என்ன உங்களுது, ஊராருது? கரண்ட் கனெக்‌ஷனா, பேர் போட்டு வர்றதுக்கு?"

"சிரிக்காத. பட்டறையில ரெண்டு வாரமா இதான் பொழுதுபோக்கு. நான் போனைக் கையில எடுத்தாப் போதும், 'ஓடுங்கப்பா, டாக்டர் பேசப்போறாரு'ங்கறானுங்க."

"அவனுங்க சொல்லட்டும். என் தம்பி உங்களை வச்சு அப்படிப் பண்ணுவானா? அவனைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசாதீங்க, சொல்லிட்டேன்."

அந்தத் தம்பி நான்தான். அக்கா வீட்டு மாடிப்படியில், கையில் பழப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே அக்காவும் அத்தானும். இந்தக் கதை பிறந்த இடம் அந்தப் படிதான். கற்பனையில் உதித்தது, கனவில் வந்தது என்றெல்லாம் சொல்ல ஆசைதான். ஒட்டுக்கேட்டது என்பதே உண்மை.

ஒலிநூல் கேட்கிறவர்களின் இந்த இணையக் குழுவில் பலருக்கு என் குரல் தெரியும். வார நாளில் காப்பீட்டு அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. விடுமுறையில் பழைய துப்பறியும் நாவல்களை வாசித்துப் பதிவுசெய்து, வாரம் ஒரு அத்தியாயம் ஏற்றுகிறேன். இதுவரை அடுத்தவர் எழுதியதை வாசித்தவன்தான். சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(* அத்தானுக்குத் திக்கும். அக்காவிடம் சண்டை போடும்போது கொஞ்சம் குறையும். எப்படியானாலும் இந்தக் கதையில் எங்கேயும் அவர் திக்குவதை எழுத்தில் காட்டப்போவதில்லை. காரணம் மூன்றாவது பகுதியில்.)

2

தூக்கிப்போட்ட தொடக்கங்கள்:

'ஒரு கடிகார மெக்கானிக் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் —'

அத்தானை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று மெக்கானிக் ஆக்கிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து பதிவுசெய்கிற பெட்டியைக் கடிகார மெக்கானிக்கால் செய்து தந்திருக்க முடியாது.

அத்தான் பஸ் சீட்டுக்கு மெத்தை தைப்பவர். வெளிச் சத்தம் பதிவில் விழாமலிருக்க நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசிப்பதை அக்கா சொல்லிச் சிரித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பழைய பீரோவின் தட்டுகளைக் கழற்றி, உள்ளே நாலு பக்கமும் பஞ்சு வைத்து, மிச்சமிருந்த நீலக் கட்டம் போட்ட சீட்டுத் துணியை இழுத்துத் தைத்தார். உள்ளே உட்கார்ந்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த மாதிரி இருக்கும். முடித்ததும் அவரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"மாப்ளே, கேக்குதா? தெருவுல லாரி போறது இங்க தெரியவே இல்ல. உங்க அக்கா கத்தினாக்கூட உள்ள வராது போல. வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சுக்கணும்."

பத்தொன்பது விநாடி. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. (துப்பறியும் கதையில் தடயத்தை முன்னாலேயே வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டேன்.)

'நான் ஒரு நல்ல தம்பி, நல்ல மச்சினன், ஆனாலும் —'

இதையும் தூக்கிப்போட்டேன்.

3

இப்போது தொழில் சங்கதி கொஞ்சம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் இப்போது வாசித்துவரும் நாவலில் கொலைகாரன் ஒரு டாக்டர். எல்லோருக்கும் பிடித்த டாக்டர். மூன்றாவது அத்தியாயத்தில் யாரென்று தெரியாத ஒருவன் போனில் மிரட்டுகிறான். அவனும் இந்த டாக்டர்தான் என்பது கடைசிக்குச் சில அத்தியாயம் முன்னால்தான் தெரியும், அதை நீங்கள் கேட்டாயிற்று. கண்ணால் படிப்பவருக்குச் சிக்கலில்லை, தாளில் குரல் கிடையாது. காதால் கேட்பவருக்கு? இரண்டு இடத்திலும் ஒரே குரலில் வாசித்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே குட்டு உடைந்துவிடும். வேறு குரலில் வாசித்தால் கேட்பவரை ஏமாற்றியது ஆகும். துப்பறியும் கதையை ஒலிநூலாக வாசிக்கிற எல்லோரும் இந்தக் குழியில் ஒருநாள் விழுகிறோம்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். குரலை மாற்றுவது, மூச்சை மாற்றாமல் விடுவது. பேசுவதற்கு முன்னால் ஒரே மாதிரி மூச்சு. உன்னிப்பாகக் கேட்பவர் பிடித்துக்கொள்ளலாம். ஏமாற்றும் இல்லை, குட்டும் உடையாது. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

மூச்சுக்கு எங்கே போவது? என் மூச்சு சாதாரணம். அப்போதுதான் அந்தப் பத்தொன்பது விநாடி ஞாபகம் வந்தது. "மாப்ளே" என்பதற்கு முன்னால் அத்தான் ஒரு மூச்சு இழுப்பார். பாதியில் நிற்கும், இன்னொரு தடவை இழுக்கும், அப்புறம்தான் வார்த்தை வரும். திரையில் ஒலி அலையாகப் பார்த்தால் உடைந்த பல் மாதிரி தெரியும். அதை —

(இந்த வாக்கியத்தை நாலு விதமாக எழுதி நாலையும் அழித்தேன். 'கை தவறி' என்று ஒன்று. 'பரிசோதனைக்காக' என்று ஒன்று.)

அதை வெட்டி எடுத்து, கொலைகாரன் பேசும் இடங்களில் ஒட்டினேன். இருமல், மூச்சு, வாய்ச் சத்தம் வெட்டி ஒட்டுவது இந்த வேலையில் சகஜம். ஆனால் அவரவர் மூச்சை அவரவருக்குத்தான் ஒட்டுவோம். நான் அத்தானுடையதை ஒட்டினேன். ஒரு தடவை என்றால் கை தவறியது எனலாம். முப்பது அத்தியாயத்தில் நாற்பத்தொரு தடவை.

நீங்களும் பாராட்டினீர்கள். 'அந்த மூச்சு வந்தாலே முதுகு சில்லிடுது' என்று இதே குழுவில் ஒருவர் எழுதினார். நன்றி என்று கைகூப்பிய பொம்மை போட்டேன். அத்தான் சின்ன வயதிலிருந்து மறைக்கப் பாடுபட்ட ஒன்றை எடுத்து, உங்களைப் பயமுறுத்தி, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். அதனால்தான் எழுத்திலும் அதை இன்னொரு தடவை எடுத்துக் காட்டவில்லை.

4

படியில் நின்றவன் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். கதையில் அப்படித்தான் முதலில் எழுதினேன். நடந்தது அதில்லை. கதவு திறந்திருந்தும் மணியை அழுத்திவிட்டு உள்ளே போனேன்.

"வாடா, நல்ல நேரத்துல வந்த," என்றாள் அக்கா. "நீயே உன் வாயால சொல்லிடு. அந்த டாக்டர் பேசறப்போ அத்தானைப் பாத்து அவரை மாதிரி பேசினியா?"

"இல்லக்கா. சத்தியமா நான் அவரை மாதிரி பேசவே இல்ல."

யோசித்துப் பாருங்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்பட்டமாகப் பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை கேவலமாக இருந்திருக்காது.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அக்கா, வழக்கில் ஜெயித்த மாதிரி.

அத்தான் ஊசி குத்திக் காய்த்துப்போன விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுட்டேன் மாப்ளே. எவன் சிரிச்சாலும் என்னைப் பாத்துதான் சிரிக்கிறான்னு எனக்கு ஒரு வியாதி. மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தான்."

"பொட்டியில கீல் சத்தம் போடுதுன்னியே, எண்ணெய் விட்டுப் பாத்தியா?"

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாசல்வரை வந்த அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "போனையே தொட மாட்டேங்கறாருடா. ரெக்ஸின் எத்தனை மீட்டர், பஞ்சு எத்தனை இஞ்ச்னு துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டறாரு, நான் பேசறேன். எனக்கென்ன தெரியும்? நேத்து மூணு இஞ்சுக்கு முப்பதுன்னு சொல்லித் தொலைச்சேன். போன் பயம் போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. யாரோட கண்ணு பட்டுச்சோ."

கண் இல்லை அக்கா. காது.

5

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. கடைசி அத்தியாயம் இந்த ஞாயிறு வர வேண்டும். டாக்டர் இருபது நிமிடம் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்கிற இடம். அதில் என் சொந்த மூச்சையே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவது. சுலபம். ஆனால் முந்தைய நாற்பத்தொன்றும் ஏற்கெனவே உங்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. பட்டறையிலும்.

இரண்டு. அத்தான் கீலைச் சரிசெய்ய வருகிறார். திரையில் அந்தப் பத்தொன்பது விநாடிப் பதிவு திறந்து கிடக்கிறது, மேலே அவர் பெயரோடு. பார்க்கிறார். திருப்புளியைக் கீழே வைக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு —

இதை எழுதும்போது கண் கலங்கியது, நன்றாகவும் வந்தது. எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதை, பாவம், அவரையே கண்டுபிடிக்க வைக்கிறேன். (நிஜத்தில் அவர் கீலுக்கு வந்தார். நான் அதற்கு முன்பே திரையை அணைத்துவிட்டேன். கீல் இப்போது சத்தம் போடுவதில்லை.)

மூன்று. பழைய நாவல்களில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிபவர் நீளமாகப் பேசுவார். குற்றவாளி கடைசியில் 'ஆமாம்' என்றால் போதும். எங்கள் வீட்டிலும் துப்பறிந்தவர் ஒருவர் இருந்தார். சரியாகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, குற்றவாளியிடம் அவரே மன்னிப்புக் கேட்டார். இந்த மாதிரி ஒரு கடைசி அத்தியாயத்தை நான் வாசித்ததே இல்லை.

6

கீலுக்கு எண்ணெய் விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே அத்தான் கேட்டார்: "ஞாயித்துக்கிழமைதானே கடைசி? உன் வீட்டுக்கே வந்து கேக்கறேன் மாப்ளே. பட்டறையில அவனுங்களோட உக்காந்து கேக்க முடியாது. டாக்டர் மாட்டிக்கறானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடாத."

காலை பத்து மணிக்கு வருவார்.

பெட்டிக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். வாசிப்பவனுக்கு வேறென்ன தெரியும்?

'அத்தான், அன்னைக்கு நீங்க சொன்னது —'

'அத்தான், உங்ககிட்ட ஒரு விஷயம், நீங்க கோவப்படக் —'

'அத்தான், அந்த மூச்சு —'

பழக்கதோஷத்தில் பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே வந்து திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு 'அத்தான்' முன்னாலும் என் மூச்சு பாதியில் நின்று, மறுபடி இழுத்து, உடைந்த பல் மாதிரி இருந்தது. நடிக்கவில்லை. இதற்காகவா இன்னொருவரிடம் திருடினேன்? அந்தப் பதிவை வைத்துக்கொள்ளத் தைரியமில்லை, அழித்துவிட்டேன்.

அப்போதுதான் புரிந்தது. இரண்டாம் பகுதியில் நான் எழுதி எழுதித் தூக்கிப்போட்டவை இந்தக் கதைக்கான தொடக்கங்கள் இல்லை. அத்தானிடம் பேச வேண்டிய முதல் வாக்கியத்தைத்தான் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவும் இந்தக் குழுவில் இருக்கிறாள். என் குரலை யாராவது குறை சொன்னால் முதலில் சண்டைக்கு வருபவள் அவள்தான். இந்தக் கதை அவள் கண்ணில் படாதபடி மறைத்துத்தான் போட்டிருக்கிறேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன், இத்தனை நேரத்தில் அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு காலை அவர் வந்து அந்த நீலக் கட்டம் போட்ட பெட்டியில் உட்கார்ந்ததும் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைக் கீழே எழுதுங்கள். ஒரே ஒரு வாக்கியம். பேச்சு வழக்கில் எழுதுங்கள், அவருக்குப் புத்தகப் பேச்சு பிடிக்காது. சொல்லவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதையும் எழுதலாம். ஆனால் அதற்குமுன் மூன்றாம் அத்தியாயத்தில் போன் மணி அடிக்கும் இடத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.