கண்ணை மூடச் சொன்ன வாத்தியார்

ரஞ்சிதாவின் மோவாயில் மூன்று தையல். முந்தின நாள் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் போட்டது. விடிந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள் பரிமளா. ராத்திரியெல்லாம் ஆத்திரத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு வயது ரஞ்சிதாவுக்கு ஆட்டிசம். நின்றால் உடம்பு ஆடும். காலைப் பிரார்த்தனையில் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பாள், யாருக்கும் தொல்லையில்லை. புதிதாக வந்த பி.டி. வாத்தியார் மோகன்ராஜுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கிறது. முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்தி, மற்ற பிள்ளைகளைப்போலக் கைகூப்பிக் கண்ணை மூடு என்றிருக்கிறார். கண்ணை மூடினால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதென்று அவளுக்குப் பிடிபடாது என்று பிசியோதெரபிஸ்ட் ஜெனிபர் எழுதித் தந்த கடிதம் மோகன்ராஜின் மேசை டிராயரிலேயே கிடந்தது. பாடம் சொல்லித்தருகிற இடத்தில் ஒரு கடிதத்தைப் படிக்க ஆளில்லை. பிள்ளை சொன்னபடி கண்ணை மூடினாள். சிமெண்டுத் தரையில் முகம் மோத விழுந்தாள்.

சொல்பேச்சுக் கேட்டதற்குக் கிடைத்த கூலி அது.

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், ஆசிரியர் அறையில் மோகன்ராஜ் ஒரு தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா. நேரா நிக்கப் பழகுற வரைக்கும் பொண்ணு வீட்டுலயே இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது வேறென்ன? கையெழுத்துப் போட்டால் படிப்பு அத்தோடு சரி. இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ரஞ்சிதா முதல்முதலாக இன்னொரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பரிமளா மகளை பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"போடறேனுங்க சார். அதுக்கு முந்தி நீங்க ஒத்தக் கால்ல நின்னு கண்ண மூடுங்க."

"என்னம்மா வெளையாட்டு?"

"பி.டி. சார்தானுங்களே. ஒரு நிமிசந்தான்."

மற்ற ஆசிரியர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்றால் மானம் போகும். ஒரு காலைத் தூக்கினார், கண்ணை மூடினார். பத்து எண்ணுவதற்குள் கணுக்கால் வெடவெடத்தது. கை தானாகத் துழாவி மேசை விளிம்பைப் பிடித்தது.

"மேசையப் புடிச்சுட்டீங்களே," என்றாள் பரிமளா. குரல் உயரவில்லை. "எம்புள்ளைக்கு ரெண்டு கால்ல நிக்கறப்பவே இப்படித்தானுங்க இருக்கும். இப்ப உங்கள ஊட்டுக்குப் போகச் சொல்லட்டுங்களா?"

கையெழுத்தில்லாத தாளை அவர் முன்னாலேயே வைத்துவிட்டு, மகளை மூன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போனாள் பரிமளா.