எல்லா வேலையும் செய்வேன்

நல்ல பெயர் வாங்குவதென்றால் வெல்டருக்குப் பைத்தியம். 'இவன் நல்ல வேலைக்காரன்' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உச்சி குளிர்ந்து சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். வெளிநாட்டு முதலாளி போனில் பேசி அவனை வேலைக்கு எடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். "எந்த வேலை சொன்னாலும் செய்வேண்ணே" என்று அன்றைக்குச் சொன்னான். அப்படிச் சொல்லும்படி பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் இடித்தவள் அவன் மனைவி.

முதலாளியும் ஒரு காலத்தில் இவனை மாதிரியே நம் ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவர்தான். இரும்புக் கதவும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற சின்னப் பட்டறை அவருடையது. கை தேர்ந்த வெல்டர் அங்கே கிடைக்காமல் அலுத்துப்போய், அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, தாமே பொறுப்பேற்று இவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தார். அந்த விசாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெல்டர் என்று கூப்பிட்டவன் வெல்டிங்தான் செய்ய வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி எடுபிடிக்கு ஆள் இறக்கியதாகத் தெரிந்தால் முதலாளியின் அனுமதியும் போகும், வந்தவன் விசாவும் போகும்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் பட்டறையில் கூட்டிப் பெருக்க இருந்த ஆள் நின்றுவிட்டார். "ரெண்டு நாளைக்கு நீயே பார்த்துக்க தம்பி" என்றார் முதலாளி. அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை. முதலாளி கெட்டவர் இல்லை, சோம்பேறி, அவ்வளவுதான். வெல்டரும் முகம் சுளிக்கவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொள்ள விசா கேட்டிருந்தான், அதற்கும் கையெழுத்துப் போட்டவர் அவர். மனைவி ஊரில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு, அண்ணன் வீட்டுக் கூடத்தில் கட்டிய மூட்டைகளோடு காத்திருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் டாட்டா காட்டிவிட்டு வந்திருந்தது.

குடியேற்றத் துறையிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் முதலாளி பயந்துபோனார். வெல்டரை உட்காரவைத்து, நான் வெல்டர், வெல்டிங் செய்கிறேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார்.

"என்ன கேட்டாலும் இதையே சொல்லு. ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதே."

"நான் ஏண்ணே சேர்க்கப் போறேன்" என்றான். குளிக்கும்போதுகூட அதையே முணுமுணுத்தான்.

வந்த அதிகாரி அம்மா தங்கமானவர். அதுதான் வினையாகப் போயிற்று. முதலாளியை வெளியே இருக்கச் சொன்னவர், இவன் வேர்த்துக் கொட்டித் திணறுவதைப் பார்த்து, பாவம் என்று போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"வணக்கங்க. பயப்படாமச் சொல்லுங்க. இங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

அரசாங்கமே தமிழில் கேட்கிறது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆங்கில வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"வெல்டர்ங்க. ஆனா வெல்டிங் மட்டும்னு உட்கார்ந்துக்கிற ஆள் இல்ல நான். காலைல கூட்டிப் பெருக்கறது நான்தான். வண்டியில சரக்கு ஏத்துவேன், பெயிண்ட் அடிப்பேன், டீ கூட நான்தான் போடுவேன். எல்லா வேலையும் செய்வேங்க."

"அப்ப வெல்டிங் எப்ப செய்வீங்க?"

"நேரம் கிடைக்கறப்ப செய்வேங்க" என்றான் பெருமையாக.

அதிகாரி அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுதுவதைப் பார்த்து, பாவி மனுஷன், இன்னும் இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னான். முதலாளியிடம் ஓடிவந்து, "உங்களைப் பத்தியும் ரொம்ப நல்லவிதமாச் சொல்லியிருக்கேண்ணே" என்றான். என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டு அவர் அப்படியே இரும்புக் குழாய்களின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பயந்தபடியே நடந்தது. முதலாளியின் அனுமதி ரத்தானது. வேறு முதலாளி யாராவது பொறுப்பேற்றால் தங்கலாம் என்று கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். வெல்டர் படியேறாத பட்டறை இல்லை, ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. மனைவி, மகள் விசாவும் இல்லையென்று ஆகிவிட்டது. முதலாளி திட்டுவார் என்று பார்த்தான். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "கூட்டச் சொன்னவன் நான்தானே, உன்னை என்னன்னு சொல்றது" என்றார் அவர்.

கடைசி நாள் காலையிலும் வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நின்றான். மனைவி போன் செய்தாள். முதலாளி வந்து அவன் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, தாமே இரும்புத் தூளைக் கூட்ட ஆரம்பித்தார்.

"எனக்கு மனசே ஆறலைங்க" என்றாள் அவள். "அன்னிக்கு சோதனைக்கு வந்தவங்க கேட்டப்ப, எல்லா வேலையும் செய்வேன்னு சொன்னீங்களா, இல்லையா?"

சொன்னேன் என்றால், அப்புறம் ஏன் விசா போச்சு என்று கேட்பாள். தான் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான் காரணம் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் தன்னைத்தானே நொந்துகொள்வாள்.

"சரியாச் சொல்லாம விட்டுட்டேம்மா."

"தெரியும். எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்கு எப்பவுமே வாய் கிடையாது."

"ஆமா" என்றான்.