வலது கை போட்ட கையெழுத்து

போர் முடிந்து நாலாம் மாதம் என் தம்பிக்கு ராணுவப் பதிவு அலுவலகத்திலிருந்து அந்தத் தாள் வந்தது: "போர் நடக்கும்போதே கேப்டன் தன் விருப்பப்படி பதவி விலகினார்." கேப்டன் என்றது அவனைத்தான். விருப்பப்படியாம்! வலது கையைக் களத்தில் விட்டுவிட்டு வந்தவன் அவன். அவன் சட்டைகளின் வலது கையையெல்லாம் முழங்கையோடு மடித்துத் தைத்தவள் நான். தையல்காரிக்கு அளவு மறக்குமா?

பாதியில் விலகியவருக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் செயற்கைக் கை கிடையாதாம். தெருவில் வேறு, பயந்து ஓடி வந்தவன் என்று பேச்சு. அவனானால் வாயே திறப்பதில்லை. நான்தான் அவனைப் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண்காணிப்பாளர் கோப்பைப் பிரித்து விலகல் கடிதத்தைக் காட்டினார். பன்னிரண்டாம் தேதி. அடியில் தம்பியின் பழைய கையெழுத்து, வால் சுழித்து, அச்சு அசலாக.

"முந்தின தாளைப் புரட்டுங்க சார்" என்றேன்.

அது காயச் சான்று. ஒன்பதாம் தேதி, வலது கை துண்டிப்பு.

"மூணு நாளைக்கு முன்னாடி போன கை எப்படி சார் கையெழுத்துப் போடும்?"

"அது மருத்துவப் பிரிவும்மா. எங்க பிரிவு அதைப் பார்க்கக் கூடாது. ஆட்சேபம்னா மனு குடுங்க."

ஒரே கோப்பு, அடுத்தடுத்த தாள், பார்க்கக் கூடாதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு மனுவை எழுதினேன். தம்பி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டான். கண்காணிப்பாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தலையே. கடிதத்துல கையெழுத்துப் போட்டவர் இவர் இல்லை. மனு செல்லாது."

தம்பி அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தான்.

"அதையேதான் சார் நானும் சொல்றேன்."

"அப்படியே எழுதிக் குடுங்க சார்" என்றேன் நான். "செல்லாதுன்னா காரணம் எழுதித்தானே ஆகணும்?"

எங்களை அனுப்பினால் போதும் என்று மடமடவென எழுதினார். 'விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டவர் இம்மனுதாரர் அல்லர்.' சீலும் குத்தினார். தாள் என் கைக்கு வந்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"குடுங்கம்மா, ஒரு சின்னத் திருத்தம்."

"முதல்ல அதைத் திருத்துங்க" என்று கோப்பைக் காட்டினேன்.

தாளை நான்காக மடித்து, தம்பியின் சட்டைப் பையில் வைத்தேன். அவன் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். அவர் திருத்தாமல் நாங்கள் எழுந்திருப்பதாக இல்லை.