நாலு மணி அடிக்காத பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை அதற்குள் நாலு மணி ஆனதில்லை. வெளியே எல்லா ஊரையும் போல நாலு ஆகிறது, ஐந்து ஆகிறது, கடைகளில் விளக்குப் போடுகிறார்கள், சிமெண்டு விலை ஏறுகிறது, அதிகாரிகள் மாற்றலாகிப் போகிறார்கள். சுற்றுச்சுவருக்கு உள்ளே மட்டும் எப்போது எட்டிப் பார்த்தாலும் முற்பகல் வெயில்தான். தெருவில் மழை கொட்டி, போகிறவர்கள் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுகூட உள்ளே மைதானத்தில் நிழல்கள் குட்டையாக, பளிச்சென்று விழுந்து கிடக்கும். முதலில் வாயைப் பிளந்த ஊர் பிறகு பழகிக்கொண்டது. இப்போது மாலையில் துணி சரியாகக் காயாதவர்கள் அந்தச் சுவர்மேல் கொண்டுபோய் உலர்த்துகிறார்கள்.

அதை வரைந்தவள் ஒரு பெண். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவள் கை பட்டவை என்பதால் எல்லாரும் அவளை ‘பிளான்காரம்மா’ என்றே கூப்பிட்டார்கள். புருஷன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். இரண்டும் பெண் பிள்ளைகள். வீட்டில் ஒன்று பெருசு, இன்னொன்று சிறுசு. அதற்குமேல் செல்லப்பெயர் வைக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு.

பெரியவளுக்கு மூளை அபாரம். ஆசிரியை கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் இவள் விடையை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு மின்விசிறியைப் பார்ப்பாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் காதைப் பார்ப்பாள். பிறகு ஏதாவது கேள்வி கேட்பாள், வகுப்புக்கு வெளியே நிற்பாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று அப்போது இருந்ததெல்லாம் நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றுதான். அங்கே போகும்போது பெரியவள் படியில் ஓடுவாள்; திரும்பும்போது ஒவ்வொரு படியாகக் காலை இழுத்துக்கொண்டு இறங்குவாள். ஒரு சனிக்கிழமை பாதிப் படியில் நின்றுகொண்டு, “மீதி நேரத்துல நான் என்னம்மா பண்றது?” என்று கேட்டாள்.  எட்டு வயதுப் பிள்ளை வாரம் முழுவதையும் மீதி நேரம் என்கிறதே என்று அன்று பிளான்காரம்மா சாப்பிடவேயில்லை.

அதனால்தான், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக முழுநேரப் பள்ளி ஒன்று கட்டக் குழு போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளே போய்க் கதவைத் தட்டினாள். கூலி குறைவு, கெடுபிடி அதிகம், குழுவில் ஆளுக்கொரு பேச்சு. எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. தன் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கோட்டையும் இழுத்தாள். வகுப்பறைகளுக்கு நடுவே சுவர் வேண்டாம், தள்ளுகதவு போதும். கணக்கில் பெரிய வகுப்பும் எழுத்தில் சின்ன வகுப்புமாக இருக்கிற பிள்ளை வெட்கப்படாமல் போய்வரட்டும். வராந்தாச் சுவர் முழுக்கக் கரும்பலகை. நடக்கும்போது யோசனை வந்தால் அங்கேயே எழுதட்டும். உயரமில்லாத அலமாரிகள். சத்தம் பிடிக்காத பிள்ளைக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. மேற்கு வெயில் கண்ணைக் கூசுமென்று மேற்கே ஜன்னலே வைக்கவில்லை. “இந்தப் பள்ளிக்கூடத்துல மீதி நேரம்னு ஒண்ணே இருக்கக் கூடாதுங்க” என்று அவள் குழுவில் எழுந்து நின்று சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

குழுவின் தலைவர் தேர்வுத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுகிற ஆள். கடைசிக் கூட்டத்தில் வரைபடத்தின்மேல் குனிந்து வாசல் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இது என்னம்மா இது, வாசல்ல பெஞ்சு?”

“சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்றவங்க உட்கார்றதுக்குங்க.”

“முழுநேரப் பள்ளி கட்டச் சொன்னா நீங்க வீட்டுக்குப் போறதுக்கே வழி பண்றீங்களே! முழுநேரம்னா முழுநேரம்தான்மா. முழுநேரம்தான்.”

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரப்பரை எடுத்துப் பெஞ்சை அழித்தாள். வரைபடத்தில் வாசலுக்கு இரண்டு அம்புக்குறி போடுவது வழக்கம்: உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. வெளியே போகிற அம்பு பெஞ்சை ஒட்டி இருந்ததால் அதுவும் சேர்ந்து அழிந்தது. திரும்பப் போட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் தலைவர் கையெழுத்துப் போட்டு, சுருட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு அம்புதானே, மேஸ்திரிக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

நுழைவுத் தேர்வுக்கு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போனாள். பெரியவள் முதல் ஆளாக வந்தாள். சின்னவள் வினாத்தாளின் ஓரத்தில் ஒரு நாய் வரைந்து, அதற்குக் குட்டிகளும் வரைந்து, நேரம் போதவில்லை என்று அழுதாள். அவள் பெயருக்கு நேரே ‘சாதாரணம்’ என்று எழுதியிருந்தார்கள். பள்ளி திறந்த காலையில் பெரியவள் புதுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது சின்னவள் அவள் காலரில் மூக்கைத் துடைத்துக்கொண்டே அழுதாள். “அழாதே சிறுசு, சாயங்காலம் வந்து என் கலர் பென்சிலைத் தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

அன்று நாலு மணிக்குப் பெற்றோர்கள் வாசலில் வந்து நின்றார்கள். உட்கார இடமில்லை. காவலாளி, “இன்னும் மணி அடிக்கலைங்க” என்றான். ஐந்துக்கும் அதையே சொன்னான். தெருவில் இருட்டியபோது கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கை தூக்கிக் கை தூக்கிப் பதில் சொல்லுவது தெரிந்தது. ஆசிரியர்கள் களைத்துப்போய் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பெரியவர்கள் போகலாம் வரலாம், தடையில்லை. பிள்ளைகள் மட்டும் களைக்கவில்லை. அவர்களுக்குப் பசியில்லை, தூக்கமில்லை, பாடம் இன்னும் முடியவில்லை.

மறுநாள் பிளான்காரம்மா உள்ளே போய்ப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தாள். “இன்னும் மணியே அடிக்கலியேம்மா, நீ ஏன் இப்பவே வந்தே?” என்றாள் அவள். பிளான்காரம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தாண்டியதும் இடுப்பு லேசானது. கையில் பையின் வார் மட்டும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெரியவள் தன் இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தார்கள், ஆளாளுக்கு ஒரு வார் மிஞ்சியது.

தலைவரிடம் போய் முட்டினார்கள். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பள்ளிப் பாடம் முழுவதையும் முடித்துவிட்டு, கல்லூரிப் பாடத்தையும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். “இதைவிட நல்லா ஒரு பள்ளிக்கூடம் நடக்க முடியுமாம்மா? நடக்க முடியுமா?” என்று அவளிடமே கேட்டார். கொஞ்ச வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். சில பெற்றோர்கள் ஊரைவிட்டே போனார்கள். சிலர் என் பையன் படிக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டார்கள்.

அவள் விடவில்லை. பழைய வரைபடத்தைத் தூசி தட்டி எடுத்து, விட்டுப்போனதையெல்லாம் வரைந்து, அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். மேற்குச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தாள். அதன் வழியாகவும் முற்பகல் வெயில்தான் வந்தது. வெளியே போவதற்கென்றே பின்பக்கம் தனி வாசல் வைத்தாள். அதன் வழியாக வெளியே ஓடிய பிள்ளைகள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள், அதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். பித்தளை மணி ஒன்றைக் கொண்டுவந்து தானே கட்டித் தொங்கவிட்டுக் கை வலிக்க வலிக்க அடித்தாள். பிள்ளைகள் தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டு, “இது வேற ஸ்கூல் மணி” என்று சொல்லிக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியில் அந்தப் பெஞ்சைக் கட்டினாள். ஆள் வைக்கவில்லை. செங்கல் சுமந்து, கலவை குழைத்து, வரைபடத்தில் எந்த இடத்தில் அழித்தாளோ அதே இடத்தில் கட்டி முடித்து, முகம்கூடக் கழுவாமல் உள்ளே போனாள். பெரியவள் எழுந்து வந்து அவளைக் குனியச் சொன்னாள். “சைட்லேருந்தா வர்றே? தலையெல்லாம் சிமெண்டும்மா” என்று சொல்லி இரண்டு கையாலும் தட்டிவிட்டாள். அன்றைக்கு அது சிமெண்டுதான். பிறகு வந்த வருஷங்களில் தட்டத் தட்டப் போகாமல் நின்றது சிமெண்டு இல்லை. பெரியவளுக்கு அது தெரியவில்லை. அவளுக்கு எல்லாமே ஒரே காலைப் பொழுது. அம்மா ஏனோ அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அப்பா எங்கே என்று கேட்டால், “கடையில” என்பாள் அம்மா. கடையில் இருந்த அப்பா மார்வலி வந்து செத்தபிறகும் “கடையில” என்றே சொன்னாள்.

ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள், இருட்டியதும் எழுந்து போவாள். சின்னவள் வளர்ந்ததை அவள் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. சின்னவள் தானாகத் தலை வாரிக்கொண்டாள், தானாகப் பள்ளிக்கூடம் போனாள், சாயங்காலம் தானாகப் பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். பதினைந்து வயதில் ஒரு தடவை வெடித்துவிட்டாள்.

“ஒரே ஒரு நாள் எனக்காக வாசல்ல நின்னிருக்கியாம்மா?”

“நீதான் வந்துடுறியேடி.”

“ஆமா. தினமும் வீட்டுக்கு வர்ற பிள்ளைக்காக யாரு காத்துக்கிடப்பாங்க!”

 அம்மா அதற்கு அடுத்த நாளும் மூன்றரைக்குப் பெஞ்சுக்குப் போனாள். சின்னவளும் அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தாள்: அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அப்பாவின் கண்ணாடிக் கடையை எடுத்து நடத்தினாள். கல்யாணம் ஆனது, ஒரு பையன் பிறந்தான். அந்த எட்டு வயசு அக்காவை நான் எப்படிக் கூப்பிடுவது என்று அவன் கேட்டபோது, “பெரியம்மான்னுதான் கூப்பிடணும். சிரிக்காதே” என்றாள். அவளும் சிரிக்கவில்லை. பையன் பாஸாகியும் ஃபெயிலாகியும் ஒருவழியாகப் படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போனான். அவள் தலையும் நரைக்கத் தொடங்கியது.

பிளான்காரம்மா பெஞ்சிலேயே செத்தாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்த வாக்கில் உயிர் போயிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் போட மனம் வராமல் சின்னவள் அந்தச் சட்டத்தில் தன் பவருக்குக் கண்ணாடி மாற்றிப் போட்டுக்கொண்டாள். யாராவது உள்ளே போய்ச் சொல்லியாக வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? “அம்மா செத்துட்டாங்க, நான்தான் உன் தங்கச்சி” என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கூடவே இன்னொன்றும் சொல்ல இருந்தாள்: உன்னால் எனக்கு அம்மாவே இல்லாமல் போனது என்று. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்து உறுத்திய பேச்சு அது.

உள்ளே வெயில் அடித்தது. பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பள்ளி திறந்த நாளின் அதே சட்டை, அதே ரிப்பன், காலரில் சின்னவள் மூக்கைத் துடைத்த ஈரம்கூட அப்படியே இருந்தது.

“அம்மா! சைட்லேருந்தா வர்றே? பாரு, தலையெல்லாம் சிமெண்டு. குனி.”

சின்னவள் நின்றாள்.  பிறகு குனிந்தாள். பெரியவள் இரண்டு கையாலும் தட்டிவிட்டாள்.

“சிறுசு எங்கேம்மா?”

“வீட்டுல.”

“இன்னும் அழுதுட்டிருக்கா?”

“ரொம்ப நேரம் அழுதா” என்றாள் சின்னவள். “இப்ப இல்லை.”

“சாயங்காலம் வந்து கலர் பென்சிலைத் தர்றேன்னு சொல்லு. மறக்க மாட்டேன்னு சொல்லு, என்ன?”

“சொல்றேன்.”

பெரியவள் வகுப்புக்கு ஓடிப்போனாள். சின்னவள் வாசலுக்கு வந்தாள், தெருவைப் பார்த்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள். அது அவள் நினைத்ததைவிட நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. முதுகுக்கு வாகாகச் சாய்வு கொடுத்திருந்தாள் அம்மா. அன்றைக்கு வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

இப்போது கண்ணாடிக் கடையைத் தினமும் மூன்றரைக்கு அடைத்துவிடுகிறார்கள். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் அதற்குள் வந்துவிட வேண்டும், அதற்குமேல் வந்தால் மறுநாள்தான். சுவர்மேல் உலர்த்திய துணியை எடுக்க வருகிறவர்கள் பெஞ்சில் இருக்கிறவளிடம், “இன்னும் மணி அடிக்கலையா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். “இன்னும் இல்லை” என்று சொல்லிவிட்டு, அவர்களும் உட்கார அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள்.